அடிவயிறு மட்டும் பார்த்த விமானம்

மோல்டு தேய்ந்தால் பிசிறு வரும். எங்கள் தொழிலில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த எஃகு அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்து மூடுகிற விளிம்பு ஒரு நூல் அளவு தேய்ந்தால் போதும், உருகிய பிளாஸ்டிக் அந்த வழியே கசிந்து மெல்லிய தகடாகப் படிந்துவிடும். கோயமுத்தூர் கணபதியில் அச்சு வெட்டும் ஒரு டை பட்டறையில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். மோட்டார் ஃபேன் கவர், கிரைண்டர் கைப்பிடி, பம்ப் இம்பெல்லர் என்று கோயமுத்தூரில் புழங்கும் சாமான்களுக்கு மோல்டு வெட்டுவது வேலை. போன ஆவணியில் அந்தப் பழைய பெட்டியைத் திறந்தபோதும் கை முதலில் பிசிறைத்தான் தடவியது.

பெட்டியில் இருந்தது ஹாக்கர் சீ ஹாக் என்ற கடற்படை ஜெட் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் கிட், பாகங்களை வெட்டி ஒட்டிச் செய்வது. ஒன்றுக்கு எழுபத்திரண்டு அளவு, அதாவது நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. நான் 1976இல் பிறந்தவன். அந்த மோல்டு என்னைவிட மூத்தது. பெங்களூரில் இருக்கும் நண்பர் ஒருவர் வீடு மாறும்போது, “உனக்குத்தான் இந்த மாதிரி கஷ்டமெல்லாம் பிடிக்குமே, எடுத்துக்கோ” என்று கொடுத்தார். ஒரு சிறகு வளைந்திருந்தது. ஸ்டிக்கர் தாள், டீ கொட்டிய வேட்டி மாதிரி மஞ்சளாகிக் கிடந்தது. விமானிக்கு உட்கார இடமே கிடையாது. உடலின் உள்சுவரில் ஒரு முளை, அதில் மாட்டுவதற்கு அரை மனிதன், அவ்வளவுதான்.

இதே விமானத்துக்கு இன்றைக்கு இதைவிட நல்ல கிட்டுகள் கிடைக்கின்றன. வெட்டினால் பொருந்தும், பட்டி தேவைப்படாது. அதை வாங்கிச் செய்யலாமே என்று பல பேர் கேட்டார்கள். செய்யலாம்தான். ஆனால் பழைய கிட்டில் அதை வெட்டிய ஆளின் கை தெரிகிறது. புதியதில் எனக்கு அது தெரிவதில்லை.

எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால், முதலில் மரத்திலோ ரெசினிலோ பெரிதாக ஒரு பேட்டர்ன் செய்வார்கள். பேன்டோகிராஃப் மெஷினின் ஒரு முனை அந்தப் பேட்டர்னைத் தடவிக்கொண்டே போகும். மறுமுனையில் இருக்கும் கட்டர் அதையே சுருக்கி எஃகில் வெட்டும். மிச்சமெல்லாம் கைவேலை, உளியும் அரமும் பாலிஷ் கல்லும். நான் சேர்ந்த காலத்தில் எங்கள் பட்டறை மூலையிலும் ஒரு பேன்டோகிராஃப் நின்றது. எழுத்து வெட்ட மட்டும் பயன்பட்டது. அதை ஓட்டின பெரியவர் முனையை அழுத்துவதும் தளர்த்துவதும் வீணை வாசிப்பது போலிருக்கும்.

பழைய கிட்டுகளின் மேல்தோலில் தகடுகள் இணையும் கோடுகள் நரம்பு புடைத்த மாதிரி மேடாக இருக்கும். புதியவற்றில் அதே கோடு பள்ளமாக இருக்கும். அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியவில்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பிளாஸ்டிக்கில் மேடு வர எஃகில் பள்ளம் வேண்டும். எஃகில் ஒரு கோடு கீறுவது சுலபம். பிளாஸ்டிக்கில் பள்ளம் வர வேண்டுமென்றால், எஃகில் முடி அளவுக்கு ஒரு வரப்பை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றியிருக்கும் இரும்பு முழுவதையும் குடைந்தெடுக்க வேண்டும். கை தவறி அந்த வரப்பு ஒரு இடத்தில் உடைந்தால் அத்தனை நாள் வேலையும் போச்சு. மின்பொறியால் எஃகை அரிக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷின் பரவிய பிறகுதான் அது லேசான வேலையானது.

அதனால் பழைய கிட் செய்கிறவர்கள் வழக்கமாகச் செய்வதை நான் முழுக்கச் செய்வதில்லை. மேடான கோடுகளை எல்லாம் உப்புத்தாளால் மழித்துவிட்டு ஊசியால் புதிதாகப் பள்ளம் கீறுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிஜ விமானத்தில் தகடுகளுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால்கூட, எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்றால் 0.04 மில்லிமீட்டர். கண்ணுக்கே தெரியாது. மேடும் பொய், பள்ளமும் பொய். இரண்டில் ஒரு பொய் ஏதோ ஒரு டை மேக்கர் குனிந்து உட்கார்ந்து கையால் கீறியது. அதை மழிக்க எனக்கு மனசு வரவில்லை. 800 நம்பர் வாட்டர் பேப்பரால் கோடுகளின் தலையை லேசாகத் தட்டிவிட்டு அப்படியே வைத்தேன்.

சரி, இத்தனை விமானம் இருக்க சீ ஹாக் எதற்கு? அப்பாவுக்காக.

1961இல் ஐ.என்.எஸ். விக்ராந்த் கப்பற்படையில் சேர்ந்தது, நம் நாட்டின் முதல் விமானந்தாங்கிக் கப்பல். அதிலிருந்து பறக்க வாங்கிய ஜெட்தான் சீ ஹாக். கப்பல் கடலில் இருந்தாலும் விமானங்களுக்குக் கரையில் ஒரு வீடு வேண்டுமே? அந்த வீடு எங்கள் கோயமுத்தூர் பக்கத்துச் சூலூரில் அமைந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கப்பற்படை பயன்படுத்திய ஓடுதளம் அது. இன்று கோவாவில் இருக்கும் ஐ.என்.எஸ். ஹன்சா தளம் 1961இல் சூலூரில்தான் ஆரம்பித்தது; 1964இல்தான் கோவாவுக்குப் போனது. இதை எங்கள் ஊர்க்காரர்களிடம் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. கடலே இல்லாத ஊரில் கடற்படையா என்பார்கள்.

அப்பா நம்புவார், அவர் பார்த்தவர். சூலூரை அடுத்த கலங்கல் பக்கம் அப்பாருவுக்கு, அதாவது தாத்தாவுக்கு, கொஞ்சம் மானாவாரிக் காடு இருந்தது. அப்பாவுக்கு அப்போது பதினோரு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து எருமை மேய்க்கும்போது தலைக்கு மேல் அவை போகும். “சத்தம் வந்து நிமுந்து பாக்கறதுக்குள்ள தாண்டீருங் கண்ணு. எரும கயித்த அத்துட்டு ஓடும். நாங்க எருமையப் புடிக்கறதா, ஏரோப்ளேனப் பாக்கறதா?” என்பார். சின்ன வயதில் நான் எத்தனை முறை கேட்ட கதை! 1971 டிசம்பரில் விக்ராந்தின் சீ ஹாக்குகள் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கிய செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, “நம்ம காட்டு மேல பறந்தது” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். இப்போது அவருக்கு எழுபத்தைந்து. மில் வேலையெல்லாம் விட்டு வருடக்கணக்காகிறது. முழங்கால் வலி, வெளியே அதிகம் போவதில்லை. இன்று சூலூரிலிருந்து கிளம்பும் தேஜஸ் வீட்டுக்கு மேலே போனால் கட்டிலில் இருந்தபடியே காதைத் திருப்புவார்.

இனி வேலைக்கு வருகிறேன்.

வளைந்த சிறகை நிமிர்த்துவது முதல் வேலை. மோல்டிலிருந்து சூட்டோடு எடுத்து அடுக்கினால் இப்படி ஆகும் என்பது எங்களுக்குப் பழகியதுதான். கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் 100 டிகிரிக்குக் கொஞ்சம் முன்பே இளகும், அதனால் கொதிக்கிற தண்ணீரில் போடக் கூடாது. கை வைத்தால் சுள்ளென்று சுடுகிற தண்ணீரில் அரை நிமிடம் வைத்து, எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக வளைத்துப் பிடித்துக்கொண்டு பச்சைத் தண்ணீரில் முக்க வேண்டும். மூன்று தடவையில் நேராயிற்று.

அடுத்தது உடலின் இரண்டு பாதி. பொருத்துவதற்கு என்று மோல்டிலேயே சின்னச் சின்ன முளைகள் வைத்திருப்பார்கள். புதிதில் அவை சரியாகவே இருந்திருக்கும். மோல்டின் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று நகர்ந்துவிட்ட பிறகு அந்த முளைகளே எதிரி. அவற்றை நம்பி ஒட்டினால் முதுகில் ஒரு படிக்கட்டு விழும். எல்லா முளைகளையும் பிளேடால் சீவித் தள்ளிவிட்டு, விரலால் தடவித் தடவி விளிம்பைச் சேர்த்து, ஒரு அங்குலம் ஒட்டுவது, அது காய்ந்த பின் அடுத்த அங்குலம். பழைய கிட்டுக்கு இதுதான் வழி. பசை தொடுவதற்கு முன்னால் பத்துத் தடவையாவது சும்மா பொருத்திப் பார்த்திருப்பேன்.

சீ ஹாக்கின் உடலமைப்பு தனி. ஒரே ஒரு எஞ்சின், ரோல்ஸ் ராய்ஸ் நீன். காற்று சிறகின் தோள்பட்டையில் இருக்கும் இரண்டு வாய்கள் வழியாக உள்ளே போகும். எரிந்த வாயு வால் வழியாக வெளியேறாமல் இரண்டாகப் பிரிந்து, சிறகும் உடலும் சேரும் இடத்தில் பின்பக்கமாக, இரு புறமும் வெளியே வரும். அதனால்தான் வால் அவ்வளவு ஒல்லியாக, மீன் மாதிரி இருக்கிறது. கிட்டில் இந்த நான்கு ஓட்டைகளும் வெறும் தட்டைச் சுவர். மோல்டு வெட்டியவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மூலையில் ஓட்டை வர வேண்டுமென்றால் மோல்டுக்குள் பக்கவாட்டில் நகரும் கோர் என்ற தனித் துண்டு வைக்க வேண்டும், செலவு இரட்டிப்பாகும். பொம்மை விலையில் அது கட்டுப்படியாகாது. கை டிரில்லில் 1 மில்லிமீட்டர் பிட் போட்டு வரிசையாகத் துளைத்து, உருண்டை அரத்தால் குடைந்து, உள்ளே ஹிப்ஸ் எனும் பிளாஸ்டிக் தகட்டைச் சுருட்டி ஒரு குழாய் வைத்தேன். நாலு ஓட்டைக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த மூன்று நாட்கள் அவைதான். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது, டேபிள் லாம்பு வெளிச்சத்தில் தூசி மட்டும் பறந்தது.

பட்டிக்கு நான் எந்த ஸ்பெஷல் சாமானும் வாங்குவதில்லை. கிட்டின் பாகங்களைத் தாங்கியிருந்த, வெட்டியெடுத்த சட்டத்துண்டுகளைப் பொடிப்பொடியாக நறுக்கி, மாடல் ஒட்டும் நீர்ப் பசை பாட்டிலில் போட்டு ஒரு ராத்திரி வைத்தால் கூழாகிவிடும். அதே பிளாஸ்டிக் என்பதால் காய்ந்த பிறகு உடலோடு ஒன்றாகிவிடும், தேய்க்கும்போது தனியாகத் தெரியாது. ஒரே நிபந்தனை, பொறுமை. கரைசல் ஆவியாகப் போகப் போக அது சுருங்கும். ஒரு வாரமாவது காயவிடாமல் தேய்த்துப் பெயின்ட் அடித்தால், ஒரு மாதம் கழித்து அந்த இடத்தில் பள்ளம் விழும். அவசரப்பட்டு அடித்த ஒரு கான்பெரா விமான மாடல் இன்றும் என் அலமாரியில் முதுகில் வடுவோடு நிற்கிறது.

அப்புறம் கண்ணாடிக் கூண்டு. இங்கேதான் ஒரு விபரீதம் நடந்தது. கிட்டில் வந்த கூண்டு சோடா பாட்டில் அடிப்பாகம் மாதிரி தடிமன். அதை 1000, 1500, 2000 என்று வாட்டர் பேப்பரில் இழைத்து, பிராசோ பாலிஷ் போட்டுத் துடைத்து ஓரளவு தெளிவாக்கி வைத்திருந்தேன். உள்ளே இருக்கையும் செய்தாயிற்று. இருக்கைக்கு ஒரு சொட்டு சூப்பர் குளூ வைத்துவிட்டு, தூசி விழக்கூடாதே என்று கூண்டை மேலே மூடிவிட்டுத் தூங்கப்போனேன். காலையில் பார்த்தால் உள்பக்கம் முழுக்க வெள்ளைப் புகை படிந்திருக்கிறது. அந்தப் பசை காயும்போது வருகிற ஆவி மூடிய இடத்தில் இப்படித்தான் படியும். தெரிந்த விஷயம், அன்றைக்கு நினைவில் இல்லை. எவ்வளவு துடைத்தும் போகவில்லை.

ஆனால் அதனால்தான் நல்ல கூண்டு கிடைத்தது. பழைய கூண்டை அளவுக்கு வைத்துக்கொண்டு தேக்கு மரத்தில் அதே வடிவத்தைச் செதுக்கினேன். அதைத் தண்ணீர் பாட்டிலின் வழவழப்பான பகுதிக்குள் செருகி, பட்டறையில் இருக்கும் ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டினால், பாட்டில் சுருங்கி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆறிய பின் பிளேடால் கோடு போட்டு வெட்டினால் காகிதம் போல மெல்லிய கூண்டு. ஆறாவது பாட்டிலில் குமிழி இல்லாமல் வந்தது. அதை ஒட்டுவதற்கு வெள்ளை ஃபெவிகால் மட்டும்தான்.

இந்த விமானத்துக்கு மூக்குச் சக்கரம் உண்டு. மாடலில் மூக்கில் கனம் வைக்காவிட்டால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். சைக்கிள் கடையில் பால்ரஸ் குண்டுகள் வாங்கி, மூக்கின் உள்ளே ஒவ்வொன்றாக அடுக்கி, பசைக்கூழ் ஊற்றி நிரப்பினேன். பதினான்கு குண்டுகள் பிடித்தன. மூக்குச் சக்கரம் தரையைத் தொட்டு உறுதியாக நின்றது. சக்கரங்களின் கால்களைப் பித்தளைக் கம்பியில் புதிதாகச் செய்து, சக்கரத்துக்கு மேல் இருக்கும் கதவுகளை மெல்லிய தகட்டில் வெட்டி மாட்டினேன்.

நிறத்துக்காகப் போன வருடக் கடைசியில் கோவாவுக்கே ஒரு நடை போய் வந்தேன். போக்மாலோ பக்கம் இருக்கும் கடற்படை விமான மியூசியத்தில் ஒரு சீ ஹாக் வெளியில் நிற்கிறது. வெயிலில் நின்று நின்று பெயின்ட் மாறியிருக்கலாம், அதனால் நிறத்துக்கு அதை நம்ப முடியாது. ஆனால் வளைவுகளை வேறு எங்கும் இவ்வளவு பக்கத்தில் பார்க்க முடியாது. மண்ணில் மல்லாந்து படுத்து அடிவயிற்றைப் போட்டோ எடுத்தேன். ஏனென்றால் கிளம்புவதற்கு முன் அப்பாவிடம், “மேல என்ன நெறமுங்ப்பா, ஞாபகம் இருக்குதுங்களா?” என்று கேட்டிருந்தேன். அவர் யோசித்துவிட்டு, “மேல்பக்கத்த எவங் கண்டான்? நாங்க பாத்ததெல்லாம் அடிவயிறுதான்” என்றார்.

அதுவரை எனக்கு இது உறைக்கவே இல்லை. மாடல் செய்கிற எல்லோரும் முதுகுக்குத்தான் உழைப்போம். அடிப்பக்கம் அலமாரியில் தெரியாது, அதனால் அவசரமாக முடித்துவிடுவோம். இந்தக் கிட்டிலும் பிளாஸ்டிக் உள்வாங்கிய குழிகள் அத்தனையும் அடியில்தான். மோல்டிலிருந்து பாகத்தை வெளியே தள்ளும் எஜெக்டர் பின் பதித்த வட்டமும் அங்கேதான். திரும்பி வந்ததும் விமானத்தைக் கவிழ்த்துப் போட்டு, முடிந்துவிட்டது என்று நினைத்த வேலையை இன்னும் மூன்று வாரம் செய்தேன்.

கப்பற்படை விமானங்களின் நிறம் மேலே கருத்த கடல் சாம்பல், கீழே ‘ஸ்கை’. பெயர்தான் ஆகாயம், நிறம் நீலமே இல்லை. வாத்து முட்டை ஓட்டின் வெளிறிய பச்சை. கார் பெயின்ட் கடையில் முட்டையையே கொண்டுபோய்க் காட்டிக் கலந்து வாங்கினேன், கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, பொறுமையாகக் கலந்து கொடுத்தார். இந்தப் பெயின்டில் கலக்கும் என்.சி. தின்னர் பாலிஸ்டைரீனைக் கடித்துவிடும் என்பதால் முதலில் தூறல் போல இரண்டு கோட், அது காய்ந்த பின்னர்தான் ஈரமாக அடிக்க வேண்டும். உக்கடத்தில் பழைய சாமான் கடையில் வாங்கிய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர்தான் பெயின்ட் தெளிக்கும் காற்றுக்கு. சத்தமே வராது, ராத்திரியிலும் அடிக்கலாம்.

பெட்டியில் இருந்த ஸ்டிக்கர் பிரிட்டிஷ் வட்டங்கள், நமக்குப் பயனில்லை. நம் வட்டம் வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. வாஷர் வெட்டும் பஞ்ச் செட்டால் மாஸ்கிங் டேப்பில் வட்டங்கள் வெட்டி, வட்டங்களை நேரடியாகப் பெயின்டிலேயே அடித்தேன். காவி வெள்ளையின் மேல் அடித்தால்தான் பளிச்சென்று நிற்கும். சாம்பலின் மேல் நேரடியாக அடித்தால் செங்கல் நிறமாகிவிடும். சிறகுக்குக் கீழே இருக்கும் இரண்டு வட்டங்களைத்தான் முதலில் அடித்தேன்.

தை இரண்டாம் நாள் அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளங்கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூக்கைத் தடவினார். வால் ஒல்லியாக இருப்பதைப் பார்த்து, “இதேதான், இதேதான்” என்றார். பிறகு கட்டிலில் சாய்ந்து, அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“கண்ணு, சக்கரம் எதுக்கு?”

“நிக்கோணுமில்லீங்ப்பா.”

“எறங்கறப்பத்தான் சக்கரம் தெரியும். நம்ம காட்டு மேல வர்றப்ப மடக்கீருவான். வகுறு வழவழன்னு இருக்கும்.”

பித்தளைக் கால்கள் மூன்றையும் அன்று மாலையே கழற்றினேன். மூடிய கதவுகளுக்கு என்று கிட்டில் இருந்த பாகம் குழியைவிடப் பெரிது, ஓரத்தை இழைத்து இழைத்து உட்கார வைத்து, பசைக்கூழ் பூசி, ஒரு வாரம் காயவிட்டு, தேய்த்து, மறுபடி வாத்து முட்டை நிறம் அடித்தேன். மூக்கில் இருக்கும் பால்ரஸ் குண்டுகளை எடுக்க வழியில்லை, உள்ளேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்பாவின் கட்டிலுக்கு நேர் மேலே, எங்களையெல்லாம் தொட்டில் கட்டி ஆட்டிய கொக்கி இன்னும் உத்தரத்தில் இருக்கிறது. அதில் தூண்டில் நரம்பைக் கட்டித் தொங்கவிட்டேன். கனம் முன்னால் இருப்பதால் மூக்கு சற்றே தாழ்ந்து, சூலூரை நோக்கி இறங்குகிற மாதிரி நிற்கிறது. ஃபேன் போட்டால் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து திரும்புகிறது. அப்பா இப்போது பகலில் மல்லாந்துதான் படுக்கிறார்.